ஆயர் சொன்ன பொய்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் படம் வந்தால் அதுவே திருவிழா. திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டப்படும். பாயும் கையுமாக லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அமர்வர். தீபாவளியாயினும் மாரியம்மன் திருவிழாவாயினும் கிறித்துமசாயினும், பார்ப்பவரின் சமயம் எதுவென்று அந்தத் துணி கேட்டதில்லை. துணித்திரை போய்விட்டது, லயங்களும் பல இடங்களில் போய்விட்டன. ஆயினும் ஆண்டின் கடைசி வாரத்தில், கிள்ளானிலிருந்தும் ஷா ஆலாமிலிருந்தும் பிள்ளைகள் ஊர் திரும்பியபின், வீட்டார் ஒன்றாக உட்கார்ந்து பழைய படம் பார்க்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ‘ஞானசௌந்தரி’ (1948), ‘ஏழை படும் பாடு’ (1950), ‘அன்னை வேளாங்கண்ணி’ (1971), ‘ஞான ஒளி’ (1972) ஆகியவை அத்தகைய பொழுதுக்கு உரியவை.

படம் பார்ப்பதில் கோளாறு இல்லை. படம் முடிந்தபின் பாடம் எடுக்கிறார்களே, கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கிறித்தவர் சிலர் திரையில் தோன்றும் சிலுவைகளை எண்ணுவர். ஞானசௌந்தரிக்கு வெட்டுண்ட கைகள் மாதாவின் அருளால் மீண்டதைக் கூறி, நம்பினால் எல்லாம் கிடைக்கும் என்று முடிப்பர். கைகள் மீளாதவர் எத்தனையோ பேர் அந்தத் திடலிலேயே அமர்ந்திருந்தனர் என்பது அவர்கள் நினைவுக்கு வராது. இந்துக்கள் சிலர் சிலுவையைக் கண்ட அளவிலேயே மதமாற்றம் என்று அஞ்சி, தமிழ்ப்பள்ளிக்கு இஃது ஆகாது என்பர். இவ்விரு சாராரையும் மன்னிக்கலாம். ஒருவருக்குப் பற்று, மற்றவருக்கு அச்சம். மன்னிக்க இயலாதவர் மூன்றாமவர். அவர் ஆசிரியர். 1983-இல் தொடக்கப்பள்ளி புதிய கலைத்திட்டத்தோடு நன்னெறிக் கல்வி வந்தது. அன்றுமுதல் எந்தக் கதையைக் கண்டாலும் அதை நற்பண்புப் பட்டியலில் அடைத்துவிடும் பழக்கமும் வளர்ந்தது. அன்புடைமை, நேர்மை, நன்றியுணர்வு, கடமையுணர்வு என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. இது பாடநூலின் குற்றமன்று, கற்பிப்போரின் சோம்பல்.

‘ஏழை படும் பாடு’ படத்தின் மூலக்கதையை அந்தப் பட்டியலில் வைத்துப் பார்க்கட்டும். விக்டர் யூகோ 1862-இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவல் அது. யோகி சுத்தானந்த பாரதியார் அதனைத் தமிழாக்கினார். படம் அதிலிருந்து பிறந்தது. அரவிந்தர் ஆசிரமத்தில் ஆண்டுக்கணக்கில் தவமிருந்த யோகிக்கு ஆயர் ஒருவரின் கதையைத் தமிழில் தருவதற்கு அச்சமில்லை. திரையில் ழான் வல்ழான் கந்தன் ஆனான். துரத்தும் அதிகாரிக்கு மட்டும் ஜாவர் என்னும் பெயர் நிலைத்தது. அவ்வேடத்தில் நடித்த சீதாராமன் வாழ்நாள் முழுவதும் ஜாவர் சீதாராமன் ஆகிவிட்டார். (பிரெஞ்சுக்காரர் நட்டது வடசிலாங்கூர் மண்ணுக்குப் புதிதன்று. 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை வளர்த்த ஆன்ரி போக்கோன்னியே என்பவரும் நாவலாசிரியரே. 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றவர். தோட்டத்தின் பெயர் மட்டும் தமிழாக அமைந்துவிட்டது.)

ரொட்டி திருடியதற்காகச் சிறை சென்று, தப்ப முயன்ற குற்றங்களும் சேர்ந்து 19 ஆண்டுகள் கழித்து வெளிவருகிறான் ழான். கையில் மஞ்சள் கடவுச்சீட்டு. அதைக் கண்ட ஊர் கதவடைக்கிறது. ஆயர் ஒருவர் மட்டும் கதவைத் திறந்து, ‘ஐயா’ என்று மரியாதையோடு அழைத்து, வெள்ளித் தட்டில் உணவிடுகிறார். அவன் இரவோடு இரவாக அந்த வெள்ளியைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் பிடித்து வந்து நிறுத்தும்போது ஆயர் கூறுவது என்ன? வெள்ளியைத் தாமே கொடுத்ததாகக் கூறுகிறார். மெழுகுவத்தித் தண்டுகளையும் கொடுத்திருந்தேனே, ஏன் விட்டுச் சென்றாய் என்று கேட்டு, அவற்றையும் எடுத்துக் கொடுக்கிறார்.

பட்டியல்படி ஆயருக்கு என்ன மதிப்பெண்? காவலரிடம் பொய் சொன்னார், திருடனுக்குத் துணை நின்றார், நேர்மைக்குச் சுழியம். ஜாவருக்கோ முழு மதிப்பெண்! கடமை தவறாதவன், கையூட்டு வாங்காதவன், சட்டத்தைத் தனக்கும் தளர்த்தாதவன். நற்பண்புப் பட்டியலை எழுத்துக்கு எழுத்து வாழ்ந்து காட்டிய அம்மனிதன், தான் துரத்தியவனாலேயே உயிர்ப்பிச்சை பெற்றபோது அதைத் தாங்க மாட்டாமல் ஆற்றில் விழுந்து சாகிறான். இதைப் பட்டியலின் எந்த வரியில் எழுதுவது?

இங்கே தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, இதெல்லாம் வள்ளுவத்தில் உள்ளதுதானே என்பார். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடம் தருகிறார். தீமை செய்தவன் நாணும்படி அவனுக்கு நன்மை செய்துவிடு என்றும் கூறுகிறார். உண்மைதான். ஆனால் இரண்டும் ஒன்றென்று மூடிவிடுவது இரண்டையும் படிக்காமல் தப்பும் வழி. குறளில் நன்மை செய்தவனின் பெருமை தெரிகிறது. தீயவன் நாணுவான் என்னும் நம்பிக்கையும் தெரிகிறது. ஆயரின் செயலில் அந்த உறுதிப்பாடு இல்லை. திருடன் வருந்தவில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. கேட்குமுன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில், மகன் வாய்திறந்து பேசுமுன்பே தந்தை ஓடிச்சென்று தழுவிக்கொள்கிறார். கிறித்தவ நம்பிக்கையின் நடுப்பகுதி இதுவே. தகுதி பார்த்து அருள் வருவதில்லை. அருள் வந்தபிறகே தகுதி பிறக்கிறது. அதுவும் உடனே பிறப்பதில்லை. ஆயரின் வெள்ளியோடு வெளியேறிய ழான், வழியில் ஒரு சிறுவனின் காசை மிதித்து மறைத்துக்கொள்கிறான். மன்னிப்புப் பெற்றபின் செய்த திருட்டு அது! அதன்பிறகுதான் அழுகிறான். ஒழுக்கக் கதை எழுதுபவர் எவரும் இவ்விடத்தைக் கிழித்து எறிந்திருப்பர். யூகோ எறியவில்லை.

‘ஞான ஒளி’யும் இந்த ஊற்றிலிருந்து நீர் பெற்றதே. பாதிரியார் வளர்த்த அந்தோணி கொலைக்குற்றத்தால் சிறை செல்கிறான். பின்னர் அருண் என்னும் பெயரில் வள்ளலாக வாழ்கிறான். இளமை நண்பன் லாரன்ஸ் காவல் அதிகாரியாகத் தேடுகிறான். சிவாஜி கணேசன் அழும்போது திடலே அழுதது. அழுதவர் மறுநாள் காலையில் என்ன செய்தனர்?

1969-ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிச் சிம்பாங் ரெங்கம் அனுப்பப்பட்டவருள் தமிழ் இளைஞரும் இருந்தனர். அச்சட்டம் இன்று இல்லை. ஆனால் அங்கிருந்து வந்தவன் என்ற பேச்சு எழுந்தாலே பெண் கொடுக்கவும் வேலை கொடுக்கவும் தயங்கிய வீடுகள் இருந்தன. மஞ்சள் கடவுச்சீட்டு பிரெஞ்சு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கோயிலுக்குப் போகும் வீடும் தயங்கியது. தேவாலயத்துக்குப் போகும் வீடும் தயங்கியது. பள்ளியும் விலக்கன்று. தோட்டம் விற்கப்பட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துச் சிறுவன் ஒருமுறை திருடிப் பிடிபட்டால், ஒழுங்குப் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. ஆறாம் ஆண்டு முடியும்வரை அப்பெயர் அவனை விட்டு இறங்குவதில்லை. பள்ளி வாயிலில் அவனை ‘தம்பி’ என்று அன்போடு அழைக்கக் குண்டர் கும்பல் காத்திருக்கிறது. கும்பலுக்குத் தெரிந்த அழைப்பு ஆசிரியருக்குத் தெரியாமற்போனது ஏன்?

திருட்டைப் பாராட்ட வேண்டுமென்று எவரும் கூறவில்லை. ஆயரும் பாராட்டவில்லை, நேர்மையான மனிதனாக வாழும் கடனை அவன் தலையில் வைத்தே அனுப்பினார். மன்னிப்பு மலிவானதென்று எண்ணுவோர், அக்கடனை ழான் சாகும்வரை சுமந்ததைப் படிக்கவேண்டும்.

ஆகவே அடுத்த விடுமுறையில் இப்படங்களுள் ஒன்றைப் பார்த்துவிட்டு வரும் மாணாக்கரிடம் எந்த நற்பண்பைக் கற்றாய் என்று கேட்க வேண்டா. கிறித்தவப் பிள்ளையானாலும் இந்துப் பிள்ளையானாலும் வேறு வினாக்களைக் கேட்கலாம். ஆயர் சொன்னது பொய்யா? அந்த வீட்டு வெள்ளி உன் அம்மாவுடையதாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? தட்டுகளை விற்றுவிட்ட ழான், அந்த இரண்டு தண்டுகளை மட்டும் கடைசிவரை ஏன் விற்கவில்லை? விடைகள் பலவாக வரும். சில கோணலாகவும் வரும். திருத்துவதற்குச் சிவப்பு மையை எடுக்குமுன், ஆசிரியர் தமது விடையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.