பற்றரி மீது பழி போடும் முன்

2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு. அந்தக் காலத்தில்தான் சார்ஜ் ஏற்றும் டோர்ச்சும் சிறு விளக்கும் மலையக வீடுகளில் அரிசி, மாவு போல அவசியப் பொருட்களாயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளைப் பெயர்த்துக்கொண்டு வந்தபோது, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்றான கண்டிக்கு அவற்றின் தேவை மறுபடியும் தெரிந்தது. கலஹாவிலோ ஹந்தானையிலோ லயத்து அறையில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு, இரவு முழுக்கச் செருகி வைத்த டோர்ச் பத்து நிமிடத்தில் மங்கிப்போவது சின்ன விஷயமல்ல.

அந்த டோர்ச் திருத்தும் கடைக்கு வந்தால் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே: "பற்றரி போயிட்டு, மாத்தணும்." பல நேரங்களில் அது அளந்து பார்க்காமல் சொல்லப்படும் தீர்ப்பு. பற்றரி நல்ல நிலையில் இருந்தும் அதற்குள் போக வேண்டிய மின்னோட்டம் போகாமலிருக்கலாம். எங்கே நின்றுவிட்டது என்று தேடுவதற்கு ஒரு சாதாரண மல்ற்றிமீற்றர் போதும்.

மலிவு விலை விளக்குகளையும் சிறு வானொலிகளையும் திறந்தால், பலவற்றில் டி.பி.4056 என்ற எட்டுக்கால் சிப் இருக்கும். அது எவ்வளவு மின்னோட்டம் தர வேண்டும் என்பதைப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கடுகளவு தடையி ஒன்றே தீர்மானிக்கிறது. 1.2 கிலோ ஓம் என்றால் 1,000 மில்லி அம்பியர். 2 கிலோ ஓம் என்றால் 580. 10 கிலோ ஓம் என்றால் வெறும் 130. 3,000 மில்லி அம்பியர்-மணி கொள்ளளவுள்ள, 18650 என்ற அளவுப் பற்றரிக் கலத்தை முதலாவது தடையி நான்கு மணித்தியாலம் அளவில் நிரப்பிவிடும். கடைசியானது ஒரு முழு நாள் எடுக்கும். பெரிய தடையியைப் போட்டால் சிப் சூடாகாது, எந்த மட்டமான அடப்டரிலும் வேலை செய்யும். தயாரிப்பவருக்கு அது வசதி. வாங்குபவரோ இரவெல்லாம் ஏற்றியும் ஏறவில்லையே என்று பற்றரியைத் திட்டுகிறார்.

மின்னோட்டம் குறைவதெல்லாம் கோளாறும் அல்ல. கலத்தின் வோல்ற்றளவு 2.9க்குக் கீழே இருந்தால் சிப் வேண்டுமென்றே பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே தரும். மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்த டோர்ச்சுக்கு இதுதான் நடக்கிறது. 4.2 வோல்ற்றை எட்டியதும் மின்னோட்டம் தானாகச் சரியும். ஆகவே முக்கால்வாசி நிறைந்த கலத்தை வைத்துச் சோதித்துவிட்டு "கரண்ட் காணாது" என்பது தவறு. 3.7 வோல்ற் அளவில் உள்ள கலத்தை வைத்தே பார்க்க வேண்டும்.

அடுத்தது சூடு. 5 வோல்ற் உள்ளே வருகிறது, கலம் 3.7இல் நிற்கிறது, மிச்சம் 1.3 வோல்ற். ஒரு அம்பியர் ஓடினால் 1.3 வொற் சக்தி அந்தச் சிப்பிலேயே வெப்பமாக மாறும். காற்றே புகாத பிளாஸ்ரிக் கூட்டுக்குள் அந்த வெப்பம் போக வழியில்லை. எனவே சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. மூடியைத் திறந்து வைத்ததும் மின்னோட்டம் கூடினால் காரணம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். மெல்லிய 28 கேஜ் செப்புக் கம்பியில் ஒரு மீற்றர் கேபிள், போக வர இரண்டு வழியும் சேர்த்து 0.4 ஓமுக்கு மேல் தடை காட்டும். ஒரு அம்பியரில் 0.4 வோல்ற் அங்கேயே போய்விடும். கட்டில்வரை எட்டட்டும் என்று வாங்கும் இரண்டு மீற்றர் கேபிள் என்றால் 0.8 வோல்ற். அடப்டர் தந்த 5 வோல்ற் பலகையை அடையும்போது 4.2 ஆகிவிடும், அதை வைத்து 4.2 வோல்ற் கலத்தை எப்படி நிரப்புவது? நடைமுறையில் மின்னோட்டம் தானே இறங்கி ஏதோ ஓர் அளவில் தட்டுத்தடுமாறி நிற்கும். நல்ல தடித்த கேபிள் ஒன்றை மாற்றிச் செருகினால் முடிகிற வேலைக்குப் புதுப் பற்றரியின் விலை கேட்கப்படுகிறது.

அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. சிப்புக்கும் கலத்துக்கும் நடுவே மீற்றரை இணைத்தால், மீற்றரின் உள்தடையும் அதன் மெல்லிய கம்பிகளும் சேர்ந்து மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். இல்லாத நோயை மீற்றரே உண்டாக்கிவிடுகிறது. 5 வோல்ற் உள்ளே வரும் பக்கத்தில், 10 அம்பியர் நிலையில் வைத்து அளப்பதே சரி. சுற்றைத் துண்டிக்காத வழியும் இருக்கிறது: சிப்பின் இரண்டாம் காலில் உள்ள வோல்ற்றளவைப் பார்ப்பது. அது 1 வோல்ற் என்றால் தடையி சொன்ன முழு மின்னோட்டத்தையும் சிப் கொடுக்கிறது. குறை சிப்பில் இல்லை. 0.1 வோல்ற் என்றால் கலம் அடியோடு வடிந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நின்றால் சூடோ, கேபிளோ, நிறையும் தறுவாயில் உள்ள கலமோ காரணம்.

கலமே பழுதாவதும் உண்டு. சார்ஜில் போட்ட சில நிமிடத்தில் 4.2க்குப் பாய்ந்து, எடுத்தவுடன் சரிகிற கலம் கிழடுதட்டிவிட்டது. வீங்கியதையும், நெடுநாள் அடியோடு வடிந்து கிடந்ததையும் உயிர்ப்பிக்க முயலக்கூடாது; தீப்பிடிக்கும். வேகம் வேண்டும் என்று சின்னக் கலத்துக்குச் சின்னத் தடையி மாற்றுவதும் அதே ஆபத்துத்தான். மாற்ற வேண்டியதை மாற்றத்தான் வேண்டும். அப்போதும், மேலுறையில் 9,900 மில்லி அம்பியர்-மணி என்று அச்சிட்ட 18650 கலத்தை நம்பி வாங்கக்கூடாது. அந்த அளவுக் கூட்டில் நல்ல கலங்களே 3,500 அளவில்தான் நிற்கின்றன.

திருத்துபவர்களின் சங்கடமும் புரியக்கூடியதே. அளப்பதற்கு யாரும் காசு தருவதில்லை, மாற்றுவதற்குத்தான் தருகிறார்கள். அப்படியானால் சோதனைக்கென்று ஒரு சிறு கட்டணம் வாங்கட்டும். மீற்றரின் எண்ணை வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டு வாங்கட்டும். கண்டி நகரில் அளக்காமல் கழற்றி வீசும் கலம் வீட்டுக் குப்பையோடு சேர்ந்தால் கொஹாகொடக் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. அது மகாவலிக் கரையில் இருக்கிறது.

விற்பவருக்கும் அரசுக்கும் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல், கையடக்கத் தொலைபேசி போன்ற கருவிகளுக்கு எத்தனை வொற் சார்ஜர் தேவை என்பதைப் பெட்டியிலேயே குறிக்க வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டது. இலங்கையாலும் இது முடியும். ஆளுக்கொரு வடிவத்தில் இருந்த மின்செருகிகளை 13 அம்பியர் சதுர முனைக்கு ஒழுங்குபடுத்திய நாடுதான் இது. டோர்ச், விளக்கு, வானொலிப் பெட்டிகளின் மேல் சார்ஜ் மின்னோட்டம் எத்தனை மில்லி அம்பியர், வெறுமையான கலம் நிறைய எத்தனை மணித்தியாலம் என்ற இரண்டு எண்களை மும்மொழியிலும் அச்சிடுமாறு இறக்குமதியாளர்களுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை பணிப்புரை விடுக்க வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன் அது வர வேண்டும்.