நலமா என்பதோடு நிறுத்தாதீர்கள்

உடம்புக்கு முடியாத நண்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அதற்குமேல் என்ன எழுதுவது என்று நமக்குத் தெரிவதில்லை. தெரிந்த ஒருவர் இருந்தார்.

காசநோய் என்றாலே மனிதர்கள் ஒதுங்கிய காலம் அது. நம் பெருந்துறை சானடோரியத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள், சொல்வார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். அதுவரை ஓய்வும் நல்ல காற்றும் சத்தான சாப்பாடும்தான் வைத்தியம்.

கோவில்பட்டி பக்கம் இடைசெவல் கிராமத்தில் அந்த நோயில் விழுந்தார் ஓர் இளைஞர். பிற்பாடு கரிசல் மண்ணின் கதைசொல்லியாக நாம் கொண்டாடிய கி. ராஜநாராயணன்தான் அவர்.

அதே ஊரில் அவரோடு வளர்ந்தவர் கு. அழகிரிசாமி. ஒரு வயது இளையவர். பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்குப் போனார். பிறகு மலாயா போய் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சேர்ந்தார். ஊரைவிட்டுப் போனாலும் கி.ரா.வுக்குக் கடிதம் எழுதுவதை விடவில்லை.

அந்தக் கடிதங்கள் நலம் விசாரிப்போடு நிற்கவில்லை. படித்த புத்தகங்கள், எழுத்து, இருவருக்கும் உயிரான கர்நாடக சங்கீதம் என்று பேச்சு நீண்டது. நண்பர் நோயாளி என்பதற்காகப் பேச்சைச் சுருக்கிக்கொள்ளவில்லை அழகிரிசாமி.

கி.ரா. தேறினார். முப்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான் அவருடைய ‘மாயமான்’ கதை ‘சரஸ்வதி’ இதழில் வந்தது. 1991-ல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்ய அகாதமி விருது. 2021-ல் புதுச்சேரியில் மறைந்தபோது அவருக்கு 98 வயது.

எழுதித் தைரியம் கொடுத்த அழகிரிசாமியோ 1970 ஜூலையில், 47 வயது நிறைவதற்குள் போய்விட்டார். அவருடைய ‘அன்பளிப்பு’ தொகுப்புக்குச் சாகித்ய அகாதமி விருது வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவர் எழுதிய கடிதங்களை கி.ரா. பத்திரமாக வைத்திருந்தார். அவை புத்தகமாகவும் வந்தன. ஆறுதலுக்கு எழுதியவரின் குரலை, ஆறுதல் பெற்றவர் காப்பாற்றிக் கொடுத்தார்.

உங்கள் போனிலும் அப்படி ஒரு பெயர் இருக்கும். டயாலிசிஸுக்குப் போய்வருகிற நண்பர், ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிற பெரியம்மா. ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று எல்லோரும்தான் கேட்கிறார்கள். நீங்கள் வேறு ஏதாவது எழுதுங்கள். காட்டில் மழை பெய்ததை எழுதுங்கள். பார்த்த படத்தைத் திட்டி எழுதுங்கள். ஒரு யோசனை கேளுங்கள். பதில் சொல்ல வேண்டுமே என்றாவது எழுந்து உட்காருவார்கள்.

நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று மட்டும் வைக்காதீர்கள். யாருக்கு எத்தனை நாள் என்பது நம் கணக்கில் இல்லை.