கசப்பு மருந்து யாருக்கு?

பொருளாதாரம் நலிவுறும் போதெல்லாம் ஆட்சியாளரும் நிதி வல்லுநரும் ஒரே குரலில் ஓதும் மந்திரம் ஒன்று உண்டு: “மருந்து கசக்கத்தான் செய்யும், விழுங்கினால்தான் நோய் தீரும்.” கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வுவமையில் ஓர் ஏமாற்று ஒளிந்திருக்கிறது. மருந்தை எழுதித் தருவோர் ஒருவர், விழுங்குவோர் வேறொருவர். வங்கிகளின் கணக்கு தேறுவதற்காகத் தொழிலாளியின் உடல் பத்தியம் இருக்கிறது. வேலையின்மையால் வரும் நோய், பொருளாதாரச் சரிவின் தவிர்க்க முடியாத விளைவு அன்று. மனிதர் எடுக்கும் முடிவுகளே அதைப் பெருக்குகின்றன. இதுவே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது.

கிரேக்க நாட்டைப் பாருங்கள். 2008-இல் உலகைத் தாக்கிய நிதி நெருக்கடி அந்நாட்டின் கடன் சுமையை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தது. 2010 மே மாதத்தில் ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மைய வங்கி, பன்னாட்டு நிதியம் ஆகிய மூன்றும் கடன் திட்டம் ஒன்றை வகுத்தன. அதற்கு ஈடாகக் கடுஞ்சிக்கன நிபந்தனைகளை விதித்தன. ஊதியமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன; மருத்துவத்திற்கான பொதுச் செலவும் வெட்டுக்குத் தப்பவில்லை. 2008-இல் நூற்றுக்கு 8 பேர் அளவில் இருந்த வேலையின்மை, 2013-இல் 27-ஐத் தாண்டியது. வேலை தேடிய இளைஞருள் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு வேலை இல்லை.

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அந்நாட்டில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு பிணைந்திருந்தது. வேலையற்றோர் உதவித்தொகை மிஞ்சிப்போனால் ஓராண்டுக்கே கிடைக்கும். அதன்பின் சிறிது காலத்தில் காப்பீடும் அற்றுப்போகும். ஆக, மன உளைச்சலும் இரத்த அழுத்தமும் மிகும் அதே வேளையில் மருத்துவமனையின் கதவும் அடைபடுகிறது. நீரிழிவு நோயாளி மாத்திரையைப் பாதியாக உடைத்து உண்ண நேர்ந்தால், அது யார் எழுதிய மருந்துச் சீட்டு? 2016-இல் சட்டம் இயற்றி இவர்களுக்குப் பொது மருத்துவமனைகளைத் திறந்துவிட்டபோது, காப்பீடு இல்லாதோர் இருபது இலட்சத்திற்கும் மேல் என மதிப்பிடப்பட்டது.

போதை ஊசி பயன்படுத்துவோரிடையே ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கே புதிதாகக் கண்டறியப்பட்டு வந்த எச்.ஐ.வி. தொற்று, 2011-இல் இருநூறுக்கும் மேற்பட்டோரிடம் கண்டறியப்பட்டது. தூய ஊசி வழங்கும் பணிகள் ஏதென்ஸ் நகரில் அப்போது மிகவும் போதாதனவாய் இருந்தன. ஓர் ஊசியின் விலையை மிச்சம் பிடித்துவிட்டு, ஒரு மனிதரின் வாழ்நாள் முழுமைக்கும் மருந்து வாங்கித் தருவது சிக்கனம் ஆகுமா?

இன்னும் ஒன்று. மருந்து எழுதியோரே பின்னர் அளவு தவறியதை ஒப்புக்கொண்டனர். செலவு வெட்டினால் விளையும் பாதிப்பைக் குறைவாகக் கணித்துவிட்டோம் எனப் பன்னாட்டு நிதியத்தின் பொருளியல் அறிஞர்கள் 2013-இல் எழுதினர். கிரேக்கத் திட்டத்தில் குறிப்பிடத்தக்க தோல்விகள் நேர்ந்தன என அந்நிறுவனத்தின் அறிக்கையே அதே ஆண்டில் கூறிற்று. ஆனால் அறிக்கையைத் திருத்தலாம். சிகிச்சையின்றி இழந்த சிறுநீரகத்தைத் திருத்த இயலுமா?

“சரிவு வந்தால் சாவும் வரத்தான் செய்யும், அது இயற்கை விதி” என்பாரும் உளர். பின்லாந்து நாடு இதற்கு விடை கூறும். 1990-களின் தொடக்கத்தில் சோவியத் வணிகம் முறிந்தும் வங்கிகள் தடுமாறியும் அந்நாடு பெருஞ்சரிவைக் கண்டது. நூற்றுக்கு மூன்று பேராக இருந்த வேலையின்மை, சில ஆண்டுகளில் பதினாறைக் கடந்தது. ஆயினும் தற்கொலைகள் பெருகவில்லை, குறைந்தன. 1986 முதலே நாடு தழுவிய தற்கொலைத் தடுப்புப் பணி அங்கே நடந்து வந்தது. வேலை இழந்தோர்க்கு உதவித்தொகையும் மருத்துவமும் அறுபடாமல் கிடைத்தன. இது ஒன்றே காரணம் என நாம் சொல்லவில்லை. ஆனால் விதி என்று சொல்வோரின் வாதம் அங்கே உடைந்துவிடுகிறது.

“சரிவுக் காலங்களில் மொத்த இறப்பு குறைவதும் உண்டே” என்பது மற்றொரு வாதம். உண்மைதான். வண்டிகள் குறைவாக ஓடுவதால் சாலை விபத்துகள் குறையலாம். ஆலைப் புகை குறையலாம். ஆனால் வேலையில் இருப்பவரின் ஆதாயத்தையும் வேலை இழந்தவரின் இழப்பையும் கூட்டி வகுத்தால் கிடைப்பது சராசரியே, நீதி அன்று.

இவை எல்லாவற்றினும் கொடியது நம் வாயிலிருந்தே வரும் சொல்: “மனமிருந்தால் வேலை கிடைக்கும், சோம்பேறிகள்!” இதற்குச் சான்றாகச் சிலர் தெசலோனிக்கருக்குப் புனித பவுல் எழுதிய இரண்டாம் திருமுகத்தையும் காட்டுவர். பவுல் கடிந்துகொண்டது உழைக்க மனமில்லாதாரை. உழைக்க வழியில்லாதாரை அன்று. திராட்சைத் தோட்ட உவமையில் மாலை வரை சந்தைவெளியில் நின்றோர் சொன்ன காரணம் என்ன? தம்மை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதன்றோ? ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்னும் சிற்றூரின் நூலாலை மூடப்பட்டபின், அவ்வூரை ஆராய்ந்தோர் 1933-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். நேரம் மிகுந்திருந்தும் நூலகத்தில் நூல் எடுப்போர் குறைந்தனர். அவசரமே இல்லாத ஆண்களின் நடை தளர்ந்தது. நாம் சோம்பல் என்று பெயரிடுவது பல வேளைகளில் வேலையின்மையின் காரணம் அன்று, அதன் நோய்க்குறி.

அவ்வாறெனில் நாம் செய்யத்தக்கது யாது? பங்குகளில் இலவச மருத்துவ முகாம் நடத்துகிறோம், நன்று. ஏதென்ஸ் அருகே எலினிக்கோவிலும் 2011-இல் தன்னார்வ மருத்துவர்கள் காப்பீடற்றோர்க்கென ஒரு மருத்துவமனை தொடங்கினர். 2015-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் தர முன்வந்த விருதை அவர்கள் ஏற்க மறுத்தனர். உரிமையைப் பறித்த கை தரும் பாராட்டு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இரக்கம் நீதிக்கு முன்னோடியாய் ஓடலாம். அதன் இருக்கையில் அமர்ந்துவிடக் கூடாது.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உழைப்பைப் பற்றி 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலில், வேலையற்றோர்க்கு உதவித்தொகை வழங்குவதை வாழ்வுரிமையிலிருந்து பிறக்கும் கடமையாகவே காட்டுகிறார். நம் நாட்டின் இ.எஸ்.ஐ. மருத்துவமும் வேலையில் இருப்போரின் சந்தாவையே அடித்தளமாகக் கொண்டது. முறைசாராத் தொழிலில் உழைக்கும் பெரும்பான்மையோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். எனவே வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வேலை போன மறுநாள் இவர்களுக்கு மருத்துவர் யார்? விடை கிடைக்கும்வரை அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.