எலிக்கு ஆறின நுரையீரல் நமக்கும் ஆறுமா?

1. "ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டா நுரையீரல் தழும்பு மறைஞ்சிடும், ஆராய்ச்சியிலயே நிரூபிச்சுட்டாங்க"ன்னு உங்களுக்கும் ஃபார்வர்டு வந்திருக்கலாம். ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். ஆனா யார் மேல நடந்துச்சு? சுண்டெலி மேல. அந்த ஒரு வார்த்தையை விட்டுட்டுத்தான் மாத்திரை விக்கறாங்க. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2. கையில ஆழமா வெட்டுப்பட்டா தழும்பு விழுதில்லையா? நுரையீரல்ல அது நடந்தா ஃபைப்ரோசிஸ். பஞ்சு மாதிரி விரிய வேண்டிய இடம் விறைச்சுப் போகும். ஆக்சிஜன் ரத்தத்துல கலக்கத் திணறும். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

3. எலிக்கு இதை எப்படி வரவைக்கிறாங்க? பிளியோமைசின்னு ஒரு கேன்சர் மருந்து. 1960களில் ஜப்பானில் ஹமாவோ உமேசவா குழு கண்டுபிடிச்சது. நுரையீரலைத் தழும்பாக்குறது இதோட பக்கவிளைவு. ஆய்வகத்தில் அதையே எலியோட மூச்சுக்குழாய்க்குள்ள விடறாங்க. அது இரும்போடவும் ஆக்சிஜனோடவும் சேர்ந்து ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கி செல்லைச் சிதைக்கும். முதல் வாரம் அழற்சி. ரெண்டு, மூணு வாரத்துல தழும்பு.

4. உடம்புக்குன்னு சொந்தக் காவலும் இருக்கு. குளூட்டாதயோன் அதுல முக்கியமானது. இந்தக் காவலை முடுக்கிவிடுற புரதம் என்ஆர்எஃப்-2. அதுக்கான மரபணுவை நீக்கின எலிகளுக்கு அழற்சியும் அதிகம், தழும்பும் அதிகம். குளூட்டாதயோன் உற்பத்திக்கு உதவுற என்-அசிட்டைல்சிஸ்டைன், சுருக்கமா என்ஏசி, கொடுத்த எலிகளுக்குத் தழும்பு குறைஞ்சது. இதுவரைக்கும் எல்லாம் சரி.

5. சிக்கல் இங்கதான். எலிக்கு விழுறது பெரும்பாலும் ஒரே அடி. பல ஆய்வுகள்ல அடி விழும் முன்னாடியோ, கூடவேயோ மருந்து கொடுத்துடறாங்க. அதுவும் போக, எலியோட தழும்பு நாளாக ஆக ஓரளவு தானாவே குறையும். மனுஷனுக்கு வர்ற ஐபிஎஃப் அப்படி இல்லை. காரணம் தெரியாம, பெரும்பாலும் 50 வயசுக்கு மேல, சத்தமில்லாம வருஷக்கணக்குல வளரும். நம்மகிட்ட வரும்போது தழும்பு விழுந்து முடிஞ்சிருக்கும். எரியுற வீட்டுல தண்ணி ஊத்துறதும் எரிஞ்சு முடிஞ்ச வீட்டுல ஊத்துறதும் ஒண்ணா?

6. மனுஷங்ககிட்டயும் சோதிச்சுப் பார்த்தாங்க. அமெரிக்காவில் நடந்த பாந்தர் ஆய்வு. ஸ்டீராய்டு, அசதயோப்ரின், என்ஏசி மூணையும் சேர்த்து ஒரு குழுவுக்கு, வெறும் டம்மி மாத்திரை இன்னொரு குழுவுக்கு. டம்மி குழுவில் இறந்தவர் 1. மூணு மருந்து குழுவில் 8. அந்த மருந்துக் கூட்டைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க. 2012இல் முடிவு வெளியாச்சு. என்ஏசி மட்டும் தனியா? 60 வாரம் கொடுத்துப் பார்த்தும் நுரையீரல் திறன் குறையுறதை அது தடுக்கலைன்னு 2014இல் தெரிஞ்சது.

7. எலி ஆராய்ச்சி வீண்னு நான் சொல்லலை. அது இல்லாம எந்த மருந்தும் பிறக்காது. ஆனா அது ஆரம்பக் கேள்வி, கடைசி பதில் இல்லை. செய்தி போடுறவங்க "எலிகளில்"ங்கிற வார்த்தையைத் தலைப்பிலயே போடணும். ஏன்னா இதுல போறது பணம் மட்டும் இல்லை, காலமும்தான். பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் ரெண்டும் ஐபிஎஃப் வேகத்தைக் குறைக்கும். விழுந்த தழும்பை அழிக்காது. அதனாலதான் சீக்கிரம் வர்றது முக்கியம். கேப்சூலை நம்பிக் காத்திருந்த மாசங்கள் திரும்ப வராது.

8. ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சுட்டு டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டை நீங்களா நிறுத்திடாதீங்க. எல்லாத் தழும்பும் ஐபிஎஃப் இல்லை. முடக்குவாதம் மாதிரி நோய்களால, புறா எச்சத் தூசியால வர்றதுக்கு ஸ்டீராய்டு தேவைப்படலாம். என்ஏசியும் கெட்ட மருந்து இல்லை. பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனவங்களைக் காப்பாத்துறதே அதுதான். எந்த நோய்க்கு எந்த மருந்துங்கிறதுதான் கேள்வி.

9. வாரக்கணக்குல வறட்டு இருமல், நடந்தா மூச்சு வாங்குறது, விரல் நுனி உருண்டு வீங்குறது இருந்தா தள்ளிப்போடாம வாங்க. நெஞ்சுல ஸ்டெத் வச்சுக் கேட்டாலே பாதி துப்பு கிடைக்கும். மீதிக்கு சிடி ஸ்கேனும் ஊதிப் பார்க்கிற டெஸ்ட்டும் இருக்கு. பீடி, சிகரெட்டை இன்னைக்கே விடுங்க. அடுத்த ஃபார்வர்டு வந்தா அனுப்பினவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "குணமானது எலியா, மனுஷனா?"