நாலு கம்பி, நாற்பதாயிரம் ரூபாய்

வீட்டுக் கணக்கு

திருச்சி வாசகி ஒருவரின் கடிதம் இந்த வாரம்.

“எனக்கு 43 வயது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மாதம் 2,000 ரூபாய் வீதம் 20 மாதம் சீட்டு கட்டினேன். கடைசி மாதம்தான் எடுத்தேன் என்பதால் முழுசாக 40,000 ரூபாய் கையில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே ராஜா சார் பாட்டுகளில் அடியில் ஓடும் அந்த ‘தும் தும்’ எனக்கு உயிர். அது பேஸ் கிட்டார் என்று போன வருஷம்தான் தெரிந்தது. கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது. கடையில் கேட்டால் கிட்டார், ஆம்ப்ளிஃபயர் இரண்டும் சேர்த்து 35,000 சொல்கிறார்கள். பையன் ப்ளஸ் ஒன் போகிறான். இந்தப் பணத்தை எனக்காகச் செலவழிக்கலாமா? செலவழிக்கலாம் என்றால் எப்படி?”

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதில்தான் முதல் கேள்விக்கான பதிலும் ஒளிந்திருக்கிறது.

முதலில் வகுப்பு, பிறகு கிட்டார்

கடைக்காரர் சொன்னபடி 35,000 கொடுத்தால் மிச்சம் 5,000. ஒரு வகுப்புக்கு 400 ரூபாய், மாதம் நான்கு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,600. அந்த 5,000 மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். நான்காவது மாதம் விலை உயர்ந்த கிட்டார் இருக்கும், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கமாட்டார். பல வீடுகளில் கீபோர்டும் கிட்டாரும் பரணுக்குப் போவது இப்படித்தான். ஆர்வம் தீர்ந்து போவதற்கு முன்பே பணம் தீர்ந்துவிடுகிறது.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். ஒரு வருஷ வகுப்புக்கு 1,600 வீதம் 19,200. அதை முதலில் ஒதுக்கி வையுங்கள். மிச்சம் 20,800. கிட்டார், அதன் கூட வரும் சாமான்கள் எல்லாமே இதற்குள் அடங்கவேண்டும். நான் சொல்லும் தொகைகள் கணக்குக்காகத்தான். உங்கள் ஊர்க் கட்டணத்தை விசாரித்து, இதே முறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிட்டாருக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ல் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற கிட்டாரைக் கொண்டுவந்தார். நான்கு கம்பி, 34 அங்குல நீளக் கம்பி அளவு, கட்டை உடம்பு. எழுபது ஆண்டுக்கு மேலாகியும் இன்றைய பேஸ் கிட்டார்களில் பெரும்பாலானவை அதே அமைப்புதான். இது நம் பர்ஸுக்கு நல்ல செய்தி. செல்போன் மாதிரி மூன்று வருஷத்தில் பழசாகிப் போகும் பொருள் இல்லை இது. பத்து வருஷம் ஓடிய கிட்டாரும், ஒழுங்காக வைத்திருந்தால், புதிதைப் போலவே வாசிக்கும்.

எனவே செகண்ட் ஹேண்டுக்குத் தயங்கவேண்டாம். யமஹா, ஐபனெஸ், கோர்ட், ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்கொயர் ஆகிய எல்லாவற்றிலும் தொடக்கநிலை மாடல்கள் உண்டு. கொஞ்ச நாள் வாசித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. 12,000 ரூபாயை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை:

• கழுத்தை ஒரு முனையிலிருந்து கண்ணை ஒட்டிப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். லேசான வளைவு பரவாயில்லை. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம்.

• நான்கு கம்பியிலும் ஒவ்வொரு கட்டமாக அழுத்தி வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் ‘கரகர’ என்று அடித்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

• ஒயரைச் செருகி, குமிழ்களைத் திருகும்போது சத்தம் விட்டுவிட்டு வருகிறதா என்று கவனியுங்கள்.

• உட்கார்ந்து மடியில் வைத்துப் பாருங்கள். முதல் கட்டத்துக்குக் கை எட்ட இடது தோள் இழுத்தால், 30 அங்குல ‘ஷார்ட் ஸ்கேல்’ மாடலைக் கேளுங்கள். குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம், பெரியவர்களும் வாசிக்கிறார்கள்.

ஐந்து கம்பி கிட்டாரைக் கடையில் காட்டுவார்கள். கிட்டாரும் விலை அதிகம், கம்பி செட்டும் விலை அதிகம். கற்றுக்கொள்ள நான்கு கம்பி தாராளம்.

“உறவுக்காரர் வீட்டில் ஒரு சாதா கிட்டார் சும்மா கிடக்கிறதே?” என்று நீங்கள் கேட்கலாம். வாங்கிக்கொள்ளுங்கள். சாதா கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கும் பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளுக்கும் ஸ்வரப் பெயர் ஒன்றே: இ, ஏ, டி, ஜி. பேஸில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், அவ்வளவுதான். நல்ல பேஸ் கிட்டார் அமையும்வரை ஒரு மாதம் அதில் ஸ்வர இடங்களைப் பழகலாம். ஆனால் பேஸ் கம்பியின் தடிமனும் இடைவெளியும் வேறு. விரல் பலம் அதில்தான் வரும். ஆகவே இது தற்காலிக ஏற்பாடுதான்.

செட்டப்பை மறக்கவேண்டாம்

கிட்டார் வீட்டுக்கு வந்ததும் ஒரு 800 ரூபாயை இதற்கென்று வையுங்கள். கம்பி கட்டையிலிருந்து ரொம்ப உயரத்தில் இருந்தால், அழுத்த அழுத்த விரல் வலிக்கும். ‘நமக்கு இது வராது’ என்று தோன்றிவிடும். கோளாறு உங்களிடம் இல்லை, கம்பியின் உயரத்தில். விவரம் தெரிந்தவர் கழுத்தையும் கம்பி உயரத்தையும் சரிசெய்து கொடுத்தால், அதே கிட்டார் கைக்கு இதமாகிவிடும். விரல் நுனி சில வாரங்களில் தானாகக் கெட்டிப்படும்.

ஆம்ப்ளிஃபயர் இப்போது வேண்டாம்

பேஸ் கிட்டாரை மின்சாரம் இல்லாமல் வாசித்தால் சத்தம் மிகக் குறைவாகவே கேட்கும். அதன் தடித்த கம்பியின் ஒலி விநாடிக்கு சுமார் 41 அதிர்வு. அவ்வளவு கீழான ஒலியைச் செல்போன் ஸ்பீக்கர் சரியாகத் தராது. பெரிய ஆம்ப் வைத்தாலோ சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

இதற்கு மலிவான வழி ஹெட்போன் ஆம்ப். கிட்டாரில் செருகிக்கொள்ளும் சின்னப் பெட்டி. 3,500 ரூபாய் ஒதுக்குங்கள். ஹெட்போன் வீட்டில் இருப்பதே போதும். பெரும்பாலான ஹெட்போன் ஆம்ப்களில் செல்போனையும் இணைத்து, பாட்டோடு சேர்ந்து வாசிக்கலாம். ராத்திரி தையல் மெஷினை மூடிய பிறகு அரை மணி நேரம் வாசித்தாலும், படிக்கும் பையனுக்குத் தொந்தரவில்லை.

தெரிந்தவர் வீட்டில் கீபோர்டு ஆம்ப் இருந்தால், எப்போதாவது அதில் வாசிக்கலாம். சாதா கிட்டாருக்கான சின்ன ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்டி பேஸ் வாசிக்காதீர்கள், ஸ்பீக்கர் கெட்டுவிடும். சொந்த ஆம்ப் என்பது நாலு பேரோடு சேர்ந்து வாசிக்கும்போது வரவேண்டிய செலவு.

சில்லறைச் செலவுகள்

தோள் வார், ஒயர், பை மூன்றுக்கும் 2,000. கிளிப் ட்யூனருக்கு 500. கம்பி ஒரு செட்டுக்கு 2,000 என்று வையுங்கள், ஆனால் உடனே வாங்காதீர்கள். பேஸ் கம்பி எளிதில் அறுவதில்லை. அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம். வாசித்து முடித்ததும் பழைய காட்டன் துணியால் துடைத்து வைத்தால் மாதக்கணக்கில் உழைக்கும். உங்கள் வீட்டில் வெட்டுத்துணிக்குப் பஞ்சமில்லை.

சேரும் முன் கேளுங்கள்

சொல்லிக்கொடுப்பவர் பேஸ் வாசிப்பவரா, சாதா கிட்டார் வாசித்து பேஸும் சொல்லித் தருபவரா? முதல் ஆள் கிடைத்தால் நல்லது. வகுப்புக்கு வரமுடியாமல் போனால் கட்டணம் போய்விடுமா, வேறு நாள் கிடைக்குமா? ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதாமாதம், அல்லது அதிகபட்சம் மூன்று மாதம். டிரினிட்டி ராக் அண்ட் பாப் தேர்வில் பேஸ் கிட்டாருக்கும் கிரேடு உண்டு. ஆனால் அதற்குத் தனிக் கட்டணம், தனிப் புத்தகம். சான்றிதழ் தேவையில்லை என்றால் முதல் வருஷம் அதைத் தவிருங்கள்.

யூடியூப் போதாதா? பாட்டு பழக அது போதும். ஆனால் மணிக்கட்டை எப்படி வைக்கவேண்டும், எந்த விரலைத் தப்பாக மடக்குகிறோம் என்பதை எதிரில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்லமுடியும். முதல் ஆறு மாதம் ஆசிரியர் அவசியம்.

மொத்தக் கணக்கு

ஒரு வருஷ வகுப்பு: 19,200
கிட்டார்: 12,000
செட்டப்: 800
ஹெட்போன் ஆம்ப்: 3,500
வார், ஒயர், பை: 2,000
ட்யூனர்: 500
கம்பி (பின்னால்): 2,000
மொத்தம்: 40,000

இனி முதல் கேள்வி

செலவழிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள். 20 மாதம், மாதம் 2,000. சீட்டு முடிந்துவிட்டது, ஆனால் அந்த 2,000-ஐக் கட்டிய தையல் வருமானம் நிற்கவில்லையே! அடுத்த மாதத்திலிருந்து அதே தேதியில் 1,600-ஐ வகுப்புக்குக் கட்டுங்கள். மிச்சம் 400-ஐ உண்டியலில் போடுங்கள். கட்டிப் பழகிய தொகை என்பதால் வீட்டுச் செலவில் கை வைக்கவேண்டியிருக்காது.

அப்படியானால் சீட்டுப் பணத்தில் சாமான்களுக்குப் போவது 20,800 மட்டும்தான். வகுப்புக்கென ஒதுக்கிய 19,200-ஐ வங்கியில் போட்டுவிடுங்கள். ஆடி மாதம் தையல் குறைந்தால், அந்த மாதக் கட்டணத்தை மட்டும் அதிலிருந்து எடுங்கள். தீபாவளிக்கு வேலை குவியும்போது திரும்பக் கட்டிவிடலாம். பையனுக்குத் திடீரென்று ஒரு ஃபீஸ் வந்தாலும் அந்தப் பணம் இருக்கும். அவன் ப்ளஸ் டூ போகும்போது பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

ஆறாவது மாதம் ஒரு நாள் நிதானமாக யோசியுங்கள். வாரத்தில் நான்கு நாளாவது கிட்டாரைத் தொட்டீர்களா? ஒரு பாட்டையாவது முதலிலிருந்து கடைசிவரை பாட்டோடு சேர்ந்து வாசிக்க முடிகிறதா? ஆம் என்றால் தொடருங்கள். இல்லை என்றால் விற்றுவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் நியாயமான விலைக்கு வாங்கிய கிட்டார் என்றால் பெரிய நஷ்டம் வராது. பரணுக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

வயதைப் பற்றிக் கவலை இருந்தால் ஒரு செய்தி. கரோல் கே என்ற அமெரிக்கப் பெண்மணி கிட்டார் வாசித்துக் குழந்தைகளை வளர்த்தவர். 1963-ல் ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போக, இவர் பேஸைக் கையில் எடுத்தார். ஹாலிவுட்டில் அதிகம் தேடப்பட்ட பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். மும்பையில் பிறந்த மோஹினி டே ஏ.ஆர். ரஹ்மானோடு வாசித்திருக்கிறார். நீங்கள் மேடை ஏறவேண்டும் என்றில்லை. உங்களுக்குப் பிடித்த பாட்டின் அடியில் ஓடும் அந்த ‘தும் தும்’ உங்கள் விரலிலிருந்து வந்தால் போதும்.

20 மாதம் ஒரு தவணை தவறாமல் கட்டியவர் நீங்கள். அந்த ஒழுங்குதான் பேஸ் கிட்டாருக்கும் வேண்டும். தாராளமாகச் செலவழியுங்கள், உங்களுக்காக.