கம்பி போட்ட தட்டுக்கு ஏன் மரியாதை இல்லை?

பழைய பிரெஞ்சு ஃபயான்ஸ் தட்டுகள் ஏலத்துக்கு வரும்போது, வாங்குபவர்கள் முதலில் தேடுவது எங்காவது கீறலோ உடைவோ இருக்கிறதா என்பதைத்தான். பழுதில்லை என்றால் விலை ஏறுகிறது. நடுவில் விரிசல் ஓடி, பின்புறம் நாலைந்து கம்பித் தையல்களோடு இருந்தால் அதே ஓவியம், அதே ஊர், அதே வயது என்றாலும் தட்டு மூலைக்குப் போய்விடுகிறது. வைரத்துக்கும் தபால் தலைக்கும் இந்த அளவுகோல் சரியாக இருக்கலாம். ஃபயான்ஸுக்கு இது பொருந்தாது. அந்த மண்ணின் குணமும், அது மனிதர் கைகளில் வாழ்ந்த விதமும் இதற்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன.

ஃபயான்ஸ் பீங்கான் அல்ல; பீங்கானைப் போல வேடம் போட்ட மண்பாண்டம். சீனப் பீங்கானின் வெண்மைக்கு ஆசைப்பட்டு, 9ஆம் நூற்றாண்டில் இன்றைய ஈராக்கின் குயவர்கள் கண்ணாடிப் பூச்சில் வெள்ளீய ஆக்சைடைக் கலந்து மண்ணின் நிறத்தை மறைத்தார்கள். அந்த வித்தை ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போய், ஃபயென்சா என்ற இத்தாலிய ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு பிரான்ஸை அடைந்தது. நெவேர், ருவான், மூஸ்தியே எல்லாம் இதனால் பெயர் பெற்ற ஊர்கள். உள்ளே நுண்துளைகள் நிறைந்த மென்மையான மண், மேலே மெல்லிய கண்ணாடித் தோல். விளிம்பில் அந்தத் தோல் உதிர்வது குறையல்ல, இயல்பு. ஓவியமும் அப்படித்தான். பழைய முறையில், சுடாத பூச்சின் மேலேயே தூரிகை ஓடும். காய்ந்த மாவுபோல இருக்கும் அந்தப் பரப்பு சாயத்தை உடனே உறிஞ்சிவிடும்; தவறிய கோட்டை அழித்து எழுத வழியில்லை. பின்பு சூளையின் பெருந்தீயைத் தாங்கும் நிறங்களும் சிலவே: கோபால்ட் நீலம், மாங்கனீஸ் ஊதா, ஆன்டிமனி மஞ்சள், செம்புப் பச்சை, இரும்பிலிருந்து வரும் ஒரு முரட்டுச் சிவப்பு. பிசிறில்லாத முழுமையை இதில் தேடுவதே ஒரு முரண்.

இனி அது வாழ்ந்த கதை. போர்ச் செலவுக்காக 14ஆம் லூயி 1689இலும் 1709இலும் வெள்ளிப் பாத்திரங்களை உருக்க வைத்தபோது, பிரபுக்களின் மேசைக்கு ஃபயான்ஸ் ஏறியது. வெள்ளி நாணயமாகிக் காணாமல் போனது. உருக்கினால் ஒரு காசும் தேறாத மண் தட்டு பிழைத்துக்கொண்டது! 1786இல் இங்கிலாந்துடன் செய்த வணிக ஒப்பந்தத்துக்குப் பின் மலிவான ஆங்கிலத் தட்டுகள் வந்து குவிய, பட்டறைகள் பல நொடித்தன. ஆனாலும் புரட்சிக் காலத்தில் நெவேர் பட்டறைகள் வாளும் குருமார் கோலும் மண்வெட்டியும் வரைந்த தட்டுகளைச் சாதாரண வீடுகளுக்கு விற்றன. அவை உடைந்தால், தெருத் தெருவாகக் கூவிவரும் ஒட்டுக்காரர் சிறு துளையிட்டுக் கம்பியால் இறுக்கித் தருவார். ஒவ்வொரு கம்பிக்கும் ஒருவர் கூலி கொடுத்திருக்கிறார். அந்தத் தட்டு அவருக்கு என்ன பெறுமானம் என்பதற்கு இதைவிட உறுதியான ஆவணம் கிடைக்காது. 1867இல் புரட்சிக்கால ஃபயான்ஸின் வரலாற்றை நூலாக எழுதிய ஷாம்ஃப்ளூரி, இத்தகைய எளிய தட்டுகளைத்தான் வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

அழகுக்காக வாங்குகிறோம், ஆவணத்துக்காக அல்ல என்பார்கள். நியாயமான பதில்தான். ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1750ஐ ஒட்டிப் பழக்கத்துக்கு வந்த மென்தீ முறையில், சுட்ட பூச்சின் மேல் வரைந்து மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டிய ரோஜாக்களின் நடுவே விரிசல் ஓடினால் எனக்கும் உறுத்தும். ஆனால் பழுதில்லாததற்கு மட்டுமே விலை என்றால் சந்தை என்ன செய்யும்? பிசின் வைத்து அடைத்து, மேலே வண்ணம் தீட்டி உடைவை மறைக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்த ஒட்டு புற ஊதா விளக்கில்தான் வேறு நிறத்தில் ஒளிர்ந்து அகப்படும். பாரிஸின் சாம்சன் நிறுவனம் 1845 முதல் செய்த நகல்கள் இன்றும் சேகரிப்பாளர்களைத் திணறடிக்கின்றன. அந்தத் தொழிலின் தொடக்கமே, உடைந்துபோன உருப்படிக்கு மாற்று செய்து வரிசையை நிறைவாக்கித் தருவதுதான். அடிப்புறத்து முத்திரையை நம்பலாமே என்றால், முத்திரையும் தூரிகை எழுத்து. போட யாராலும் முடியும். மார்செய் நகரத்து வூவ் பெரேன் பட்டறையின் இரண்டெழுத்து முத்திரை எத்தனை போலிகளில் ஏறியிருக்கிறது!

கம்பியையும் போலியாகப் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம்தான். இப்போதைக்கு அப்படிச் செய்பவன் தன் சரக்கின் விலையைத் தானே குறைத்துக்கொள்கிறான். அதனால்தான் பழைய துளையின் அழுக்கையும் கம்பியைச் சுற்றிய துருக்கறையையும் ஓரளவு நம்ப முடிகிறது. என் பேச்சைக் கேட்டு எல்லோரும் கம்பி போட்ட தட்டையே தேடத் தொடங்கினால், அந்தச் சாட்சியும் கெட்டுவிடும்.