கைப்பேசியும் பகுத்தறிவும்

“உலகம் சுருங்கிவிட்டது, மனிதர்கள் நெருங்கிவிட்டார்கள், இனித் தூரம் என்பதே கிடையாது” என்று இண்டர்நெட்டைப் பற்றிப் புகழாதவர்கள் இன்று யாரும் இல்லை. மந்திரிகள், முதலாளிகள், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேச வரும் பிரமுகர்கள் ஆகிய எல்லோரும் இதையே சொல்லுகிறார்கள். நாமும் அந்தச் சாதனத்திற்கு விரோதிகள் அல்ல. விஞ்ஞானத்தால் மனிதனுக்குக் கிடைத்த எந்தச் சௌகரியத்தையும் வேண்டாமென்று சொல்லுகிறவர்கள் நாம் அல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆனால், கைப்பேசிகள் இணைந்துவிட்டதனாலேயே மனிதர்களும் இணைந்துவிட்டார்கள் என்று சொல்லப்படுவதைத்தான் நாம் சற்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழிலால் பிழைக்கும் மக்களுக்கு இதனால் ஏற்பட்ட பிரயோஜனம் கொஞ்சமல்ல. ஒரு சாம்பிள் கடல் கடந்து போய் அதற்குப் பதில் வரும் வரையில் வாரக் கணக்காகக் காத்திருந்த வியாபாரி, இன்று காலையில் படம் அனுப்பி மாலைக்குள் பதில் பெறுகிறார். இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15ஆம் தேதி பொதுமக்களுக்கு இண்டர்நெட் திறந்துவிடப்பட்ட காலத்தில் அது பட்டணத்துப் பணக்காரருடைய சொத்தாகத்தான் இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி வந்து கட்டணங்கள் மளமளவென்று இறங்கிய பிறகு, தோல் ஊற வைக்கிற தொழிலாளியின் சட்டைப் பைக்குள்ளும் அது வந்துவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஷூ கம்பெனிகளின் கதவுகள் மூடப்பட்ட நாட்களில், வெளியூரில் அகப்பட்டுக்கொண்ட மகனுடைய முகத்தைத் தாய்க்குக் காட்டியதும் இந்தக் கருவிதான். இவற்றையெல்லாம் மறுப்பது நன்றிகெட்ட தனமாகும்.

நிற்க. ஒரு புதுச் சாதனம் வந்தவுடன் மனிதர்கள் ஒன்றாகிவிடுவார்கள் என்று சொல்லுவது இப்பொழுதுதான் புதிதாக ஆரம்பித்ததல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1ஆம் தேதி இராயபுரத்திலிருந்து நமது வாலாஜா ரோடு வரையில்தான் திறக்கப்பட்டது. அதற்கு 3 வருஷத்திற்கு முன்பே, ரயிலால் பிறக்கப் போகும் புதுத் தொழில் முறையானது சாதிக்கு அஸ்திவாரமாயுள்ள பரம்பரைத் தொழிற் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று காரல் மார்க்ஸ் லண்டனிலிருந்து எழுதினார். நடந்தது என்ன? எல்லாச் சாதியாரும் ஒரே வண்டியில் ஏறினார்கள் என்பது வாஸ்தவந்தான். ஆனால் வண்டியை விட்டு இறங்கி, ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிக்குப் போனால், பார்ப்பனருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம்! இந்த வித்தியாசம் 1941இல்தான் ஒழிந்தது. அதை ஒழித்தது நீராவியா? இல்லை. இது மானக்கேடு என்று உணர்ந்த மனிதர்கள் பல வருஷ காலம் கூட்டம் போட்டும், எழுதியும், கிளர்ச்சி செய்தும்தான் அதை ஒழித்தார்கள். வண்டி மனிதனைச் சுமந்து போகும். அவனுடைய புத்தியையும் திருத்திக் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இனி நமது ஜில்லாவிலேயே நடந்த சங்கதிக்கு வருவோம். 2018ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கங்களில் வாட்ஸப் மூலம் ஒரு சேதி பரவிற்று. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்து இறங்கிவிட்டதென்றும், குழந்தைகளை வெளியில் விடக் கூடாதென்றும் குரல் பதிவுகளும் படங்களும் கைக்குக் கை மாறின. பிள்ளையைப் பறிகொடுத்தவர் யார், எந்த ஊர், எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அம்மாதக் கடைசியில் குடியாத்தம் வட்டாரத்தில், தமிழ் பேசத் தெரியாத வடநாட்டு மனிதர் ஒருவர் ஊராரால் அடித்தே கொல்லப்பட்டார். மே 9ஆம் தேதி போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து காரில் வந்த 65 வயது மூதாட்டி ஒருவர், தெருவில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அவருடன் வந்த உறவினர்கள் குற்றுயிராய்க் கிடந்தார்கள். அதே மாதத்தில் பழவேற்காட்டில் இன்னொரு மனிதர் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். இவர்களில் ஒருவராவது பிள்ளை பிடிக்க வந்தவர் அல்ல.

அந்தக் காலத்தில் இந்தியாவெங்கும் சுற்றிய படங்களில் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதைக் காட்டியது. அது எங்கே எடுக்கப்பட்டது தெரியுமா? பாகிஸ்தானில், கராச்சி நகரத்தில்! குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமென்பதற்காக ஒரு தர்ம ஸ்தாபனம் நடிகர்களை வைத்து எடுத்த படம் அது. படத்தின் முடிவில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, இது எச்சரிக்கைக்காகச் செய்யப்பட்டது என்று காட்டுகிறார்கள். யாரோ ஒரு போக்கிரி அந்த முடிவை மட்டும் வெட்டி எறிந்துவிட்டான். பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்கென்று எடுத்த படம், நிரபராதிகளைக் கொல்லுவதற்கு உபயோகப்பட்டது.

“பாமர ஜனங்கள் ஏமாந்துவிட்டார்கள், என்ன செய்வது” என்று சில படித்தவர்கள் சொல்லக்கூடும். இதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். சேதியை அனுப்பியவர்களில் உத்தியோகஸ்தர்கள் இல்லையா? பட்டதாரிகள் இல்லையா? படிப்புக்கும் பகுத்தறிவுக்கும் நம் நாட்டில் சம்பந்தம் குறைவு என்பதை நாம் எத்தனையோ காலமாகச் சொல்லி வருகிறோம். அன்றியும், இது தமிழனுக்கு மட்டும் உள்ள வியாதியும் அல்ல. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் வடநாட்டில் பரவின. எங்கேயோ, எதற்காகவோ நடந்த சண்டைகளின் படங்களை எடுத்து இந்தத் தலைப்பை ஒட்டிவிட்டார்கள். பீகார் சர்க்கார் அதிகாரிகளை இங்கு அனுப்பி நேரில் விசாரிக்க வேண்டியதாயிற்று. 2018இல் வடநாட்டான் பிள்ளை பிடிக்கிறான் என்று நாம் நம்பினோம். 2023இல் தமிழன் ஆளை வெட்டுகிறான் என்று அவர்கள் நம்பினார்கள். இரு பக்கத்தையும் இணைத்தது ஒரே கருவி. ஆனால் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள அது உதவிற்றா?

இவ்வளவு சுலபமாக மக்கள் நம்புவதற்குக் காரணம் என்ன? சேதியைக் கொண்டுவந்தவன் அந்நியன் அல்ல. மாமன், மைத்துனன், கூட வேலை செய்கிறவன், ஒரே தெருக்காரன். “நம்மவர் சொன்னால் பொய்யாக இருக்குமா?” என்பதுதான் நம்பிக்கையின் ஆதாரம். தகப்பன் சொன்னான், பாட்டன் சொன்னான், ஆகையால் உண்மை என்று புராணத்தை ஒப்புக்கொள்ளப் பழகிய மூளைக்கு, சித்தப்பா அனுப்பினார், ஆகையால் உண்மை என்று வாட்ஸப்பை ஒப்புக்கொள்ளுவது கஷ்டமா? ஏன், எப்படி, யார் கண்டது என்று கேட்பதே பெரியவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்று குழந்தை முதலே கற்பிக்கப்பட்ட நாட்டில், புது யந்திரம் வந்தால் பழைய வழக்கம் புது வேகத்தோடு நடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்றொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பத்திரிகை அச்சிடுகிறவன் தன் பெயரையும் அச்சிட்ட இடத்தையும் போட்டாக வேண்டுமென்று 1867லேயே சட்டம் வந்தது. பொய் எழுதினால் ஆசிரியரைக் கோர்ட்டில் நிறுத்தலாம். கைப்பேசியில் வரும் சேதிக்கோ ஆசிரியரும் இல்லை, அச்சிட்டவரும் இல்லை. அனுப்பின ஒவ்வொருவரும் “எனக்கு வந்தது, அனுப்பினேன்” என்று கையைக் கழுவிக்கொள்ளுகிறார்கள். கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸப் கம்பெனியார் இந்தியாவில் ஒரு சேதியை ஒரே சமயத்தில் 5 பேருக்கு அல்லது 5 குழுக்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி செய்தார்கள். அதே மாதம் 17ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் கும்பல் கொலைகளைத் தடுக்க ஜில்லாதோறும் தனி அதிகாரியை நியமிக்க வேண்டும் என்பது முதலான உத்தரவுகளைப் பிறப்பித்தது. இவை வேண்டியவையே. ஆனால் பொய்யை 50 பேருக்கு அனுப்பாமல் 5 பேருக்கு அனுப்பினால் அது மெய்யாகிவிடுமா?

அப்படியானால் இந்தச் சனியனை மூடிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சில ராஜ்யங்களில் கலகம் என்றவுடன் சர்க்கார் இண்டர்நெட்டையே நிறுத்திவிடுகிறது. இதை நாம் பலமாக ஆட்சேபிக்கிறோம். ஏன் என்பதற்கும் நமது பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் இறந்து போனார். பாலாற்றங்கரையிலுள்ள சுடுகாட்டுக்குப் போகிற வழி, மேல்சாதிக்காரர்களுடைய நிலத்தின் வழியாகப் போகிறது. அதில் பிணம் போகக் கூடாது. ஆகவே, உறவினர்கள் பிரேதத்தைக் கயிற்றில் கட்டி, சுமார் 20 அடி உயரமுள்ள பாலத்தின் மேலிருந்து ஆற்றுக்குள் இறக்கினார்கள். உயிரோடிருந்த காலத்தில் தெருவில் மரியாதை இல்லாத மனிதனுக்குச் செத்த பிறகு பூமியிலேயே வழி இல்லை! இந்தக் கொடுமை அன்று ஒருநாள் மட்டும் நடந்ததல்ல. அங்குள்ளவர்கள் வெகு காலமாக அனுபவித்து வந்தது. அதற்கு முன் அது யார் காதிலும் விழவில்லை. அந்தத் தடவை யாரோ ஒருவர் கைப்பேசியில் அதைப் படம் பிடித்தார். சில நாட்களுக்குள் நாடு முழுவதும் பார்த்தது. சென்னை ஹைகோர்ட் யாரும் வழக்குப் போடாமலே தானாக அதைக் கையில் எடுத்துக்கொண்டு சர்க்காரைப் பதில் சொல்லச் சொன்னது. அதிகாரிகள் அவசர அவசரமாகத் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனிச் சுடுகாட்டுக்கு நிலம் ஒதுக்கினார்கள். நீதிபதிகள் அதையும் விடாமல், இப்படித் தனிச் சுடுகாடு கொடுப்பதன் மூலம் சர்க்காரே சாதிப் பிரிவினைக்கு உற்சாகம் கொடுப்பதாகாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி!

ஒரே பிரதேசம், 16 மாத இடைவெளி, ஒரே கருவி. முதலாவது தடவை அது ஒரு மனிதனைக் கொல்ல ஆள் சேர்த்தது. இரண்டாவது தடவை ஒரு மனிதனுக்கு நேர்ந்த அவமானத்தை நீதிஸ்தலத்திற்குக் கொண்டு போயிற்று. வித்தியாசம் எங்கே இருக்கிறது? முதலாவதில் யாரும் பார்க்காததை எல்லோரும் நம்பினார்கள். இரண்டாவதில் கண்ணால் கண்டதை ஒருவர் காட்டினார். அது விசாரணைக்கு உட்பட்டது. கருவியை மூடியிருந்தால் அந்தப் பிரேதம் இன்றும் கயிற்றில்தான் இறங்கிக்கொண்டிருக்கும்.

மேலும், இந்த இணைப்பு எதை அப்படியே விட்டு வைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். சாதிக்கு ஒரு குழு, உட்பிரிவுக்கு ஒரு குழு என்று வாட்ஸப்பில் அக்கிரகாரமும் ஊரும் சேரியும் அப்படியே தனித்தனியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. கலியாணத்திற்கு வரன் தேடும் தளங்களில் பெயருக்கும் வயதுக்கும் அடுத்தபடி சாதியைக் கேட்கிறார்கள்; தரகன் செய்த வேலையை யந்திரம் இன்னும் சுத்தமாகச் செய்கிறது. ஆண் பிள்ளையின் கையில் கைப்பேசி இருந்தால் அது படிப்பு. பெண் பிள்ளையின் கையில் இருந்தால் அது கெட்ட நடத்தை என்று சொல்லும் வீடுகள் எத்தனை! ஆம்பூர்ப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். ஜோடிக்குச் சில ரூபாய்தான் கூலி. அந்த ஷூவை ஐரோப்பாவில் இருக்கிறவன் கைப்பேசியில் பார்த்து, நிறத்தைத் தேர்ந்தெடுத்து, வீட்டிற்கே வரவழைத்துக்கொள்ளுகிறான். தைத்தவளுக்கு அதன் விலை தெரியாது. வாங்கினவனுக்கு அவளுடைய கூலி தெரியாது. இதை இணைப்பு என்பதா?

ஆகவே, நாம் சொல்லுவது இதுதான். கைக்கு வந்த சேதியை அனுப்புமுன், இதைக் கண்டவர் யார், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். பதில் இல்லையானால் அது உங்கள் கைப்பேசியிலேயே சாகட்டும். அனுப்பினவர் பெரியவராயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகாது. பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டரை இயக்கக் கற்றுக்கொடுப்பது போலவே, சேதியைச் சோதிக்கவும் கற்றுக்கொடுக்கும்படி சர்க்காரைக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணின் கையில் கைப்பேசியைக் கொடுங்கள். தைக்கும் பெண்கள் ஆம்பூரில் என்ன கூலி, பேரணாம்பட்டில் என்ன கூலி என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ள அது பயன்படட்டும். எந்த ஊரில் வழி மறிக்கப்படுகிறதோ, எந்தக் குழாயடியில் பேதம் காட்டப்படுகிறதோ, அங்கே நேரில் கண்டதைக் கண்டபடி படம் பிடித்து, ஊரும் தேதியும் போட்டு, உலகத்துக்குக் காட்டுங்கள்.

குடியாத்தம் பக்கத்தில் கொல்லப்பட்ட மனிதர் தமது பாஷையில் ஏதோ சொல்லித்தான் இருப்பார். சுற்றி நின்றவர்கள் அதைக் கேட்டு விசாரிப்பதற்குக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தை ஒரு மனிதனுக்காகச் செலவிட நம் மக்கள் பழகும் வரையில், உலகம் சுருங்கிவிட்டது என்று பெருமை பேசுவதற்கு நமக்கு யோக்கியதை இல்லை.